சாரோட கவர்

இத்தனை நாளாக இந்த மனுஷன் என்னை ஏமாற்றிக்கொண்டா இருந்தார்?

கணவர் அன்று வீட்டிலேயே விட்டுப்போன ஸ்கூட்டரின் சீட்டைத் தூக்கிப் பிடித்தபடி அவள் தனக்குள் கேட்டுக்கொண்டாள். சுத்தியலை எடுக்கத்தான் கீழே இறங்கி வந்திருந்தாள். சுத்தியலுக்கு அடியில், ஒழுங்காக மடித்து, ஒரு மஞ்சள் பிளாஸ்டிக் கவர் இருந்தது. கிழிந்த இடத்தில் டேப் வேறு.

ஒளித்து வைத்தது போதாதென்று ஒட்டியும் வைத்திருக்கிறார்.

சாயங்காலம் குடியிருப்புச் சங்கத்தின் செயலாளர் வருகிறார். ‘பிளாஸ்டிக் இல்லா வீடு’ என்று எழுதிய மரப்பலகையை அவள் வாசலில் மாட்டப்போகிறார்கள். சும்மா வரவில்லை அந்தப் பலகை. பழைய திரைச்சீலைகளை வெட்டி அவளே பைகள் தைத்தாள். எண்ணெய்க்குத் தூக்குவாளியும், பருப்புக்கு டப்பாவுமாகக் கடை கடையாக ஏறி இறங்கினாள். பாட்டில் ஷாம்பு நின்றுபோனதற்கு மகள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டபோதும் அசையவில்லை. இதுவரை அவளைப் பாராட்டியவர்கள் இன்னாருடைய பெண், இன்னாருடைய மனைவி என்றுதான் பாராட்டியிருந்தார்கள். இந்தப் பலகை ஒன்றுதான் அவளுடையது.

அதற்கு நடுவில் இந்தக் கவர்.

வீட்டுக் குப்பைத்தொட்டியில் போட முடியாது. செயலாளர் மூடியைத் திறந்து பார்ப்பார். மாடிப்படி ஏறியவள், எதிர் வீட்டு வாசலில் இருந்த தொட்டிக்குள் அதைச் செருகிவிட்டுப் பூனை மாதிரி உள்ளே போனாள்.

காப்பித் தம்ளரைக் கழுவி முடிப்பதற்குள் அழைப்புமணி அடித்தது. எதிர் வீட்டு அக்கா.

“இது உங்க வீட்டுக் கவர்தானே? தவறிப்போய் எங்க தொட்டியில கெடக்குது.”

“எங்க வீட்டுல ஏதுக்கா கவரு?”

“யாருகிட்ட மறைக்கறீங்க? எங்களுக்குத் தெரியாதா என்ன?” அக்கா சிரித்துக்கொண்டே கவரை அவள் கையில் வைத்துவிட்டுப் போனாள்.

அந்தச் சிரிப்பு அவளுக்குள் முள்ளாக நின்றது. அப்படியென்றால் ஊருக்கே தெரிந்திருக்கிறது. தெரியாதவள் நான் ஒருத்திதான்.

மறுபடி கீழே இறங்கினாள். வாசல் கேட்டுக்குப் பக்கத்தில் இருந்த பொதுத் தொட்டியில் கவரைப் போட்டுவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் நடந்தாள்.

“அம்மா, அம்மா, நில்லுங்க.” காவலாளி மூச்சிரைக்க ஓடி வந்தார். “சாரோட கவரு தொட்டியில விழுந்துட்டுது. நல்ல வேளை, நான் பார்த்தேன்.”

“அது வேண்டாம்னுதான் போட்டேன்.”

“ஐயோ, சார் தேடுவாருங்க.” கவரைத் தன் சட்டையிலேயே துடைத்து, நீவி மடித்து, இரண்டு கையாலும் நீட்டினார். அவள் வாங்கிக்கொண்டாள். காவலாளியையும் கூட்டுச் சேர்த்து வைத்திருக்கிறாரே. வரட்டும் வீட்டுக்கு.

ஆனால் அவர் வருவதற்குள் கவர் தொலைய வேண்டும். தெருக்கோடி வரை போனாள். மீன் கடையில் மீன்காரம்மா அந்தப் பக்கம் திரும்பி யாருக்கோ மீன் வெட்டிக்கொண்டிருந்தாள். பின்னால் இருந்த காலிக் கூடைகளுக்கு நடுவில் கவரைச் சொருகினாள். யாரும் பார்க்கவில்லை. திருடிவிட்டு ஓடுகிறவள் இப்படித்தான் நடப்பாள் என்று நினைத்தபோது அவளுக்கே சிரிப்பு வந்தது.

செயலாளர் சொன்ன நேரத்துக்கு வந்தார். தொட்டியைத் திறந்து, முகத்தை உள்ளே விடாத குறையாகப் பார்த்து, “சுத்தம்” என்றார். எதிர் வீட்டு அக்கா கைதட்டினாள். கணவர் அலுவலகத்திலிருந்து வந்த கையோடு சட்டை மாற்றிக்கொண்டு, தனக்கே பரிசு கிடைத்த மாதிரி நின்றார். அந்தப் பெருமையைப் பார்க்கப் பார்க்க அவளுக்கு எரிந்தது. ஆனாலும் பேசாமல் சுத்தியலை எடுத்து நீட்டினாள். அவர் வாசல் சுவரில் ஆணியை அடித்தார். செயலாளர் கைப்பேசியை உயர்த்திப் படமெடுக்கத் தயாரானார்.

அப்போது படிக்கட்டில் மீன் வாசனை வந்தது. அதன் பின்னாலேயே மீன்காரம்மா வந்தாள். கையில் மஞ்சள் கவர். கவருக்குள் மீன். கவரிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது.

“சார் எப்பவும் காலையில கவரை வெச்சிட்டுப் போவாரு, சாயங்காலம் மீனோட எடுத்துப்பாரு. இன்னைக்கு ஆளையே காணோம். வீணாப் போயிடுமேன்னு நானே கொண்டாந்தேன்.”

செயலாளர் பலகையைப் பார்த்தார், கவரைப் பார்த்தார். “பிளாஸ்டிக் இல்லா வீட்டுக்குப் பிளாஸ்டிக் கவர்ல மீனாம்மா?”

அவளுக்குக் காது சுட்டது. கணவர் தரையைப் பார்த்துக்கொண்டு, “இல்ல, நான் சொல்லிடலாம்னுதான்...” என்று இழுத்தார்.

“எப்போ சொல்றதா இருந்தீங்க?” என்றாள்.

மீன்காரம்மாவுக்குக் கோபம் வந்துவிட்டது. “ஏன் சார், இது என்ன புதுக் கவரா? என் பேரன் பொறக்கறதுக்கு முன்னாடி நான் குடுத்தது. இப்ப அவன் ஸ்கூலுக்குப் போறான். அதுக்கப்புறம் இந்த மனுஷன் என்கிட்ட இன்னொரு கவர் வாங்கினதில்ல. கழுவுவாரு, மாடியில காயப்போடுவாரு, கிழிஞ்சா ஒட்டிக்குவாரு. துணிப்பை கொண்டாங்க சார்னு சொன்னா, அது வீட்டுல அவங்க கையால தைச்சது, மீன் நாத்தம் ஏறிடும்பாரு.”

“நாங்கதான் கொடியில பாக்கறோமே” என்றாள் எதிர் வீட்டு அக்கா.

அவள் கணவரைக் கடந்து உள்ளே போய் ஒரு பாத்திரம் கொண்டுவந்தாள். மீனை அதில் கொட்டிக் கணவர் கையில் கொடுத்தாள். அவர் இன்னும் நிமிரவில்லை. கவரை உதறி, டேப் ஒட்டிய இடத்தை விரலால் ஒருமுறை அழுத்திப் பார்த்தாள். பிறகு பலகைக்காக அடித்த ஆணியில் அதை மாட்டினாள்.

செயலாளர் தொண்டையைச் செருமினார். “அதெல்லாம் சரிம்மா. போட்டோவுக்கு மட்டும் அந்தக் கவரை எடுத்துட்டுப் பலகையை மாட்டிடுங்களேன்.”

“அது அங்கேயே இருக்கட்டும் சார்” என்றாள் அவள், மெதுவாக. “பலகைக்கு வேற ஆணி அடிச்சுக்கலாம்.”