ஏலக்காய் சுற்றி வந்த சொப்பனம்

கொழிஞ்சாம்பாறை,
ஐப்பசி, வெள்ளிக்கிழமை.

வண்டன்மேட்டு ஏலத்தோட்டத்தில் கணக்கப்பிள்ளையாக விளங்கும் மகா கனம் பொருந்திய மாமா அவர்களுக்கு, உங்கள் அக்காள் மகள் நாச்சம்மாள் கும்பிட்டு எழுதிக்கொண்டது. இங்கே அம்மாவுக்கு விலாவில் வலி, எருமைக்குப் பால் சுருக்கம், எனக்குக் கெண்டைக்காலில் பிடிப்பு. மற்றபடி எல்லோரும் சௌக்கியம். அங்கே அத்தையும் குழந்தைகளும் அட்டைக்கடி இல்லாமல் இருக்கிறார்களா என்று அறிய ஆவல்.

நீங்கள் அனுப்பிய ஏலக்காய் வந்து சேர்ந்தது. அதைச் சுற்றியிருந்த பத்திரிகைத் தாளைப் பற்றித்தான் இந்தக் கடிதம். சொப்பனத்துக்குள் விழித்திருப்பது எப்படி என்று அதில் ஒரு கட்டுரை. பகலில் அடிக்கடி உள்ளங்கையைப் பார்த்து, இது நனவா சொப்பனமா என்று கேட்டுப் பழகினால் உறக்கத்திலும் அதே கேள்வி எழுமாம். சொப்பனத்தில் விரல்கள் கணக்குத் தப்புமாம். தப்பினால், இது சொப்பனம்தான் என்று தெரிந்துகொண்டு இஷ்டப்படி பறக்கலாமாம். விழித்ததும் கண்ணைத் திறக்காமல், கைகால் அசைக்காமல் கிடந்து, கண்டதை முதலிலிருந்து நினைத்துப் பார்த்து, பிறகு ஒருமுறை வாய்விட்டுச் சொன்னால் மறக்காதாம். ‘இப்பழக்கத்தால் தேகத்துக்கு உண்டாகும் தீங்குகளாவன’ என்ற இடத்தில் தாள் கிழிந்திருக்கிறது. மீதித் தாளில் யாருக்கு ஏலக்காய் அனுப்பினீர்கள் மாமா?

ஆகவே தீங்குகளை நானே கண்டுபிடிக்க வேண்டியதாயிற்று. விடியற்காலையில் கையைப் பார்த்தபோது பக்தி என்று அப்பா மெச்சினார். சாப்பாட்டு நேரத்தில் சோற்றுக் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தபோது குழம்பில் என்ன குறை என்று அம்மா சண்டைக்கு வந்தாள். அப்புறம் ஒரு சொப்பனத்தில் போடிமெட்டு ஏற்றத்தில் யானை துரத்த, உங்கள் தோட்டத்தை நோக்கி ஓடினேன். யானைக்குக் கொடுத்த உதை பக்கத்தில் படுத்திருந்த அம்மாவின் விலாவில் விழுந்துவிட்டது. எனக்குக் கெண்டைக்கால் முறுக்கிக்கொண்டது, நெஞ்சு உலக்கை போடுவது போல அடித்தது, பல்லைக் கடித்ததில் தாடை கழன்றுவிடும் போல வலித்தது. ஆனாலும் விதிப்படி அசையாமல் கிடந்தேன். பேச்சு மூச்சில்லை என்று அம்மா ஒரு செம்புத் தண்ணீரை முகத்தில் கொட்டினாள். யானைக்குக் கொம்பு இருந்ததா இல்லையா என்பது அதோடு மறந்துபோயிற்று. படிப்பு மண்டைக்கு ஏறிவிட்டது, இனிச் சித்தூர்ப் பள்ளிக்கூடம் வேண்டாம், ஒருத்தன் கையில் பிடித்துக் கொடுத்தால் தெளிந்துவிடும் என்று அப்பாவிடம் அம்மா ஒரே பிடிவாதம். மாமா, பங்குனியில் எனக்குப் பள்ளி இறுதிப் பரீட்சை.

அம்மா சொல்லியனுப்ப, வேலந்தாவளத்திலிருந்து செல்லாத்தாள் அத்தை தன் மகன் ஆறுச்சாமிக்கு என்னைக் கேட்டு வந்தார். மழை பிடித்துக்கொண்டதால் இங்கேயே தங்கினார். பேச்சு எடுத்த ராத்திரி பெண்ணுக்கு வரும் சொப்பனத்தைக் கேட்டுவிட்டுத்தான் அவர்கள் வீட்டில் தாம்பூலம் மாற்றுவார்களாம். பாம்பு வந்தது என்று சொல், அது நல்ல சகுனம், இல்லாவிட்டால் ஒன்றும் வரவில்லை என்று சொல் என்று அம்மா எனக்குப் பாடம் சொல்லிக் கொடுத்தாள்.

எனக்கு வந்ததோ கல்யாணம். பந்தல், மேளம், மணவறையில் ஆறுச்சாமி. கையைப் பார்த்தேன், மருதாணி வைத்த ஏழு விரல். ஆஹா, சொப்பனம் என்று தெரிந்துவிட்டது. தாலியோடு நின்றவரிடம், “நீங்க வெறும் சொப்பனமுங்க, நான் பரீட்சைக்குப் போகோணும்” என்று சொல்லிவிட்டு ஜிவ்வென்று பறந்தேன். விழித்ததும் மறக்காமலிருக்க மாட்டுக்கொட்டகைக்கு ஓடி எல்லாவற்றையும் வாய்விட்டுச் சொல்லிப் பார்த்துக்கொண்டேன். வீட்டுக்குள் சொன்னால் விருந்தாளி எழுந்துவிடுவாரே.

காலையில் அத்தை கேட்டார். கல்யாணம் கண்டேன் என்றால் அப்போதே தாம்பூலம் மாற்றிவிடுவார்கள், பரீட்சை போயிற்று என்று நினைத்தும், பொய் சொல்ல வாய் வராமல், கண்டதைக் கண்டபடி ஒப்பித்தேன். மேளம் என்ற இடத்திலேயே அம்மா கிள்ளத் தொடங்கினாள். அத்தை காப்பித் தம்ளரைக் கீழே வைத்துவிட்டார்.

“ஏனம்மிணி, சொப்பனத்துல கண்ணாலம் கண்டா ஊட்டுல எளவு உளுமே. எம்பையன்தானா கெடச்சான் உனக்கு?”

இது எனக்கு எந்தப் பாடப்புத்தகத்திலும் வந்ததில்லை மாமா. மழை விடுவதற்குள் அவர் குடையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டார். அப்பா துண்டால் வாயை மூடிக்கொண்டு சிரித்துவிட்டு, புள்ள பரீட்சையை எழுதட்டும் என்று சொல்லிவிட்டார். ஆகையால் திங்கட்கிழமை பள்ளிக்கூடம் போகிறேன். தங்கள் பழைய தாள் செய்த உபகாரம் இது. அங்கே அத்தைக்குக் கும்பிடு, குழந்தைகளுக்கு முத்தம், தோட்டத்தில் ஏலம் கொத்துக் கொத்தாய்க் காய்க்க மாரியம்மனை வேண்டிக்கொள்ளும்,

நாச்சம்மாள்.

பின்குறிப்பு: உறை ஒட்டுவதற்குள் செல்லாத்தாள் அத்தை தேங்காய் பழத்தோடு திரும்பி வந்துவிட்டார், ஆறுச்சாமியும் கூட. அன்று விடிகாலையில் முகம் கழுவப் போனபோது, கொட்டகையில் நான் முணுமுணுத்ததைக் கேட்டாராம். பாடம் படிக்கிறேன் என்று நினைத்தாராம். வீட்டுக்குப் போனபிறகுதான் விளங்கியதாம். “கெட்ட சொப்பனத்த மொதல்ல மாட்டுக்கிட்டச் சொல்லிப்போட்டா தோசம் கழிஞ்சுபோச்சுங்க. இத்தன வெவரமான புள்ளய உட்டுப்போட்டு எங்க போறது?” என்கிறார். பசுவிடம் சொன்னால்தான் கழியும், நம் கொட்டகையில் இருப்பது எருமை என்கிறார் அப்பா. எருமையும் மாடுதானுங்களே என்கிறாள் அம்மா. கடைசியில் தாய்மாமன் சொல்வதே முடிவு என்று மூவரும் ஒப்புக்கொண்டு, உங்கள் பதிலுக்காக உட்கார்ந்திருக்கிறார்கள். எருமை சேராது என்று உடனே தந்தி அடியுங்கள் மாமா. நானும் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டேன். ஐந்து விரல்தான் இருக்கிறது.