லார்வுட் வயலில் ஒரு முதுகுவலி

திருமணமான முப்பத்தைந்தாம் ஆண்டில், இந்த ஆகஸ்ட் மாதம், என் மனைவியிடம் ஒரு பெரிய பொய் சொல்வதென்று தீர்மானித்தேன். இதற்கு முன் சொன்ன சிறிய பொய்கள் கணக்கில் சேரா. அவையெல்லாம் சொன்ன அன்றே பிடிபட்டவை. பிடிபட்ட பொய்யை உண்மையின் பட்டியலில் சேர்ப்பதே முறை.

பொய்க்குக் காரணம் ஒரு வயல். எங்கள் ஊருக்குக் கிழக்கே, லார்வுட் என்ற விவசாயிக்குச் சொந்தமாகப் பாதிரிக்கொல்லை என்றொரு கோதுமை வயல் இருக்கிறது. எழுநூறு ஆண்டுகளுக்கு முன் அங்கே சந்தை கூடியது. சந்தை கூடிய இடத்தில் மனிதர்கள் குடித்திருப்பார்கள். குடித்தவர்கள் காசைத் தவறவிட்டிருப்பார்கள். என் நம்பிக்கை முழுவதும் முன்னோரின் குடிப்பழக்கத்தின்மீது கட்டப்பட்டது.

மண்ணுக்குள் உலோகம் இருந்தால் ஒலிக்கும் மெட்டல் டிடெக்டரும் கையுமாகப் பத்தொன்பது ஆண்டுகள் எங்கள் நார்ஃபோக் மாவட்டத்தின் வயல்களில் அலைந்திருக்கிறேன். கிடைத்தவை: பொத்தான்கள், பெல்ட் கொக்கிகள், ஈயக் குண்டுகள், யாரோ ஒருவருடைய பல்செட்டின் கம்பி, சோடா டின்களின் வளையங்கள் ஒரு வாளி. நகர அருங்காட்சியகத்தில் கண்ணாடிப் பெட்டிக்குள் ஒரு பொருள், அதன் கீழே 'கண்டெடுத்தவர்: டெஸ்மண்ட் டடன்ஹம்' என்று ஒரு சீட்டு. வாழ்க்கையிடம் நான் கேட்டது அவ்வளவுதான்.

பதினொரு ஆண்டுகளாக லார்வுட் பாதிரிக்கொல்லைக்குள் யாரையும் விட்டதில்லை. முன்பு ஒருவன் தோண்டிய குழியை மூடாமல் போய், அதில் அவருடைய பசு காலை முறித்துக்கொண்டதாம். இந்த ஆண்டு என்ன தோன்றியதோ, மனம் இரங்கினார்.

"ஞாயித்துக்கிழமை வைக்கோல் கட்டை எடுத்துடுவேன். அடுத்த சனிக்கிழமை காலையில கலப்பை இறங்கிடும். நடுவுல அஞ்சு நாள் உனக்கு. ஒரு ஆள், ஒரு மெஷின். குழியை மூடாம விட்டே, உன்னை உள்ள வச்சு நானே மூடிடுவேன்."

சரியாக அதே ஐந்து நாள்களுக்குத்தான் நாங்கள் லெஸ்டர் போவதாக இருந்தது. என் மனைவி பெரிலின் தங்கை பவுலினுக்கு நாற்பதாவது திருமண நாள். பவுலினின் கணவர் ஹோவர்ட் உல்லாசக் கப்பல்களில் போகிறவர்; போன கப்பலையெல்லாம் படமெடுப்பவர்; எடுத்த படத்தையெல்லாம் சுவரில் போட்டுக் காட்டுபவர். சென்ற முறை நானூற்று அறுபது படங்கள். அவற்றில் கடல் தெரிந்த படம் ஒன்பது.

பெரிலிடம் நேராகக் கேட்டிருக்கலாமே என்பீர்கள். பெரில் முப்பது ஆண்டுகள் ஆரம்பப் பள்ளி ஆசிரியை. வயிற்றுவலி என்று கையைத் தூக்கிய பிள்ளைகளை ஆயிரக்கணக்கில் பார்த்தவள். அப்படிப்பட்டவளிடம் முதுகுவலி என்று பொய் சொல்லத் துணிந்ததை என் வீரம் என்று நான் எண்ணினேன். அது வேறொன்று என்பது பிறகு தெரிந்தது.

ஞாயிறு மாலை, கீழே விழுந்த ஸ்பூனை எடுக்கக் குனிந்தேன். குனிந்தவன் நிமிரவில்லை.

"என்ன ஆச்சு?"

"முதுகு."

"முதுகுக்கு என்ன?"

"பிடிச்சுக்கிச்சு. நிமிர முடியல."

"சரி, நிமிராதே. குனிஞ்சதுதான் குனிஞ்சே, அந்த ஸ்பூனை எடுத்துடு."

எடுத்தேன். அவள் என்னைக் கைத்தாங்கலாக மாடிக்கு ஏற்றினாள். எங்கள் அறையில் படுக்கவைக்கவில்லை.

"கிழக்கு ரூம்ல படு. காத்து வரும். ஜன்னல்ல பார்த்தா பொழுதும் போகும்."

கிழக்கு ஜன்னலைத் திறந்தால், ரோட்டுக்கும் ஒரு வாய்க்காலுக்கும் அப்பால், பாதிரிக்கொல்லை தட்டில் வைத்த ரொட்டி போலத் தெரியும். வேண்டுமென்றே செய்தாள் என்று அப்போது எனக்குத் தோன்றவில்லை. பொய் சொல்கிறவனுக்கு எதிராளியின் கள்ளம் தெரிவதில்லை. அவன் கவனம் முழுவதும் தன் முனகலில் இருக்கிறது.

"நீ நாளைக்குக் கிளம்பிடு, பெரில்," என்றேன், வலியின் நடுவிலும் பெருந்தன்மையோடு. "என்னால உன் தங்கச்சி மனசு நோகக் கூடாது. பிரெட் இருக்கு, முட்டை இருக்கு. நான் சமாளிச்சுக்குவேன்."

"கட்டின புருஷன் கட்டில்ல கிடக்கறப்போ கப்பல் படம் பார்க்கப் போவேனா? பவுலினுக்கு போன் பண்ணியாச்சு. நான் வரலைன்னு சொல்லிட்டேன்."

"என்ன சொன்னே?"

"நீ எந்திரிக்கற வரைக்கும் உன் கூடத்தான் இருப்பேன்னு சொன்னேன். ஏன், முகம் ஒரு மாதிரி போகுது? வலிக்குதா?"

உண்மையாகவே வலித்தது. முதுகில் இல்லை.

மறுநாள் திங்கட்கிழமை. எட்டு மணிக்குப் பெரில் தேநீரையும் வெந்நீர்ப் பையையும் கொண்டுவந்து வைத்தாள்.

"சர்ச்சுல பூ வைக்கிற முறை இந்த வாரம் எனக்கு. நாலு மணிக்கு வந்துடுவேன். அசையாதே."

"அவ்வளவு நேரமா?"

"நிறைய பூ."

வாசற்கதவு சாத்திய ஓசை கேட்டதும் குதித்து எழுந்தேன். ஏழே நிமிடத்தில் காலில் பூட்ஸோடு பின்கட்டுக் கொட்டகைக்குள் நின்றேன். அங்கே என் மெஷின் இல்லை. ஹெட்போன் இல்லை. மண்வெட்டி இல்லை. முழங்காலுக்குக் கட்டும் மெத்தைப் பட்டைகள்கூட இல்லை. யாரோ வழித்துத் துடைத்துக்கொண்டு போயிருக்கிறார்கள். போலீஸை அழைக்கலாமென்றால், படுத்த படுக்கையாகக் கிடப்பவன் கொட்டகையை எப்படிப் பார்த்தான் என்று கேட்பார்கள். போலீஸ் கேட்காவிட்டாலும் பெரில் கேட்பாள்.

மாடிக்கு ஏறினேன். பறவை பார்க்கும் பைனாகுலரை எடுத்து ஜன்னலில் வைத்தேன். பாதிரிக்கொல்லையின் தென்மூலையில், என் தொப்பியை அணிந்து, என் மெஷினை இடமும் வலமும் வீசியபடி ஓர் உருவம் நடந்துகொண்டிருந்தது. லார்வுட்டுக்கு போன் போட்டேன்.

"மிஸ்டர் லார்வுட், உங்க வயல்ல ஒரு திருடன்."

"எங்க?"

"தெக்கு மூலையில. என் தொப்பியைப் போட்டுக்கிட்டு."

"அது உன் பெண்டாட்டி."

பைனாகுலரை மறுபடி கண்ணில் வைத்தேன்; நடை பெரிலுடையதுதான். லார்வுட் விடாமல் பேசினார்.

"ஏழு மணிக்கே கூப்பிட்டாங்க. அவருக்கு முதுகு பிடிச்சுக்கிச்சு, அவர் இடத்துல நான் வரலாமான்னு கேட்டாங்க. வாங்கன்னேன். ஒரு ஆள், ஒரு மெஷின். எனக்கு எல்லாம் சரியாத்தான் இருக்கு. முதுகு எப்படி இருக்கு?"

முனகினேன்.

"சத்தம் நல்லா வருது," என்று சொல்லி வைத்துவிட்டார்.

அன்று முழுவதும் பார்த்துக்கொண்டிருந்தேன். குறை சொல்ல ஒன்றாவது கிடைக்குமா என்று தேடினேன். கிடைக்கவில்லை. மெஷினின் தட்டைத் தரையோடு ஒட்டிப் பிடித்தாள். ஒரு வரிசையின் விளிம்பு அடுத்த வரிசையின்மேல் படியும்படி நடந்தாள். மண்ணை ஒரே கட்டியாக வெட்டி எடுத்து, திரும்ப வைத்து, காலால் அமுக்கினாள். பத்தொன்பது ஆண்டுகளாகச் சாப்பாட்டு மேசையில் நான் ஆற்றிய சொற்பொழிவுகளை அவள் கேட்கவில்லை என்று நினைத்திருந்தேன். ஒரு சொல் விடாமல் கேட்டிருக்கிறாள். பகல் இரண்டு மணிக்கு அவள் மண்டியிட்டாள். வெகுநேரம் எழவில்லை. பைனாகுலரை ஜன்னல் சட்டத்தில் ஊன்றிக்கொண்டேன்.

மாலையில் அவித்த முட்டையும் ரொட்டியும் தட்டில் வந்தன. பெரில் கட்டிலருகே நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தாள். அவள் நகத்தில் மண் இருந்தது. சர்ச்சுப் பூக்களைப் பற்றி நான் கேட்கவில்லை.

"டெஸ், தங்கம் மண்ணுக்குள்ள கிடந்தா நிறம் மாறுமா?"

முட்டையைத் தட்டில் வைத்தேன். "மாறாது. ஏன்?"

"குறுக்கெழுத்துல வந்துச்சு."

"ஓ."

"வட்டமா இருக்கு. ஓரம் கொஞ்சம் நெளிஞ்சிருக்கு. ஒரு ராஜா வாளும் கேடயமுமா கப்பல்ல நிக்கறார். அது என்ன?"

"இதுவும் குறுக்கெழுத்தா?"

"ஆமா. நெடுக்கு."

"மூணாம் எட்வர்ட் காலத்து நோபிள்," என்றேன். "தங்கக் காசு. அறுநூத்தி எழுபது வருஷம் இருக்கும்."

"கட்டத்துல சரியா உட்காருது," என்று சொல்லிவிட்டு, நான் சாப்பிடாத முட்டையை எடுத்துக்கொண்டு கீழே போனாள்.

ஹோவர்டின் கப்பல்களிலிருந்து தப்பிக்கப் பொய் சொன்னேன். வாழ்நாளெல்லாம் தேடிய ஒரு கப்பல் எதிரே இருந்த வயலில் கரையேறிவிட்டது, அதுவும் வேறொருவர் கையில். எழுந்து போய் உண்மையைச் சொல்லலாம். சொன்னால் மீதி நாள்களாவது கிடைக்கலாம். ஆனால் எனக்கும் மானம் என்று ஒன்று உண்டு. அதைக் காப்பாற்றிக்கொண்டு செவ்வாய்க்கிழமை முழுவதும் படுத்திருந்தேன். அன்று அவள் நான்கு முறை மண்டியிட்டாள்.

புதன்கிழமை பதினோரு மணிக்குத்தான் அது நடந்தது. வயலின் நடுவில், என் ஜன்னலைப் பார்த்தபடி, பெரில் நின்றாள். கோட்டுப் பையிலிருந்து சிறிதாக, வட்டமாக ஒன்றை எடுத்தாள். எச்சில் தொட்டாள். குனிந்து ஒரு சிட்டிகை மண் எடுத்து அதன்மேல் தூவினாள். பிறகு கட்டைவிரலை வைத்துத் தேய்க்கத் தொடங்கினாள்.

இந்தத் தொழிலில் இல்லாதவர்களுக்கு இது புரியாது. நிலத்திலிருந்து எடுத்த காசைத் தேய்ப்பது பச்சைக் குழந்தையின் முகத்தைச் செங்கல்லால் துலக்குவது போன்றது. தங்கம் மிருதுவானது. ஒரு மணல் துகள் போதும், ராஜாவின் மூக்கு போய்விடும். மனைவி ஏமாற்றியதைப் பொறுத்துக்கொண்டேன். அவள் என் தொப்பியைப் போட்டதைப் பொறுத்துக்கொண்டேன். மூன்றாம் எட்வர்டின் மூக்கு தேய்வதை என்னால் பொறுக்க முடியவில்லை.

எப்படி இறங்கினேன் என்று நினைவில்லை. வீட்டுச் செருப்போடு ரோட்டைக் கடந்தேன். வாய்க்காலைத் தாண்டினேன். அறுத்த கோதுமைத் தாள் காலைக் கிழிக்க, பைஜாமாவைப் பிடித்துக்கொண்டு முந்நூறு கஜம் ஓடினேன்.

"தேய்க்காதே, பெரில். தயவுசெஞ்சு தேய்க்காதே."

நிறுத்தினாள். உள்ளங்கையை விரித்துக் காட்டினாள். பித்தளைப் பொத்தான்.

"நீ கண்டுபிடிச்சதுதான். பத்து வருஷமா ஐஸ்கிரீம் டப்பாவுல கிடந்துச்சு," என்றாள். "முதுகு எப்படி இருக்கு?"

வேலியோரமாக டிராக்டரை நிறுத்தி அதன்மேல் உட்கார்ந்திருந்த லார்வுட்டை அப்போதுதான் கவனித்தேன். மடியில் சாண்ட்விச் பொட்டலம் இருந்தது. நேரம் சொல்லி வரவழைத்திருக்கிறாள்.

"வாய்க்காலைத் தாண்டினது நல்லா இருந்துச்சு," என்றார் அவர். "என் குதிரையே அங்க தயங்கும்."

"நான் ஜன்னல்ல இருந்தது உனக்கு எப்படித் தெரியும்?" என்று பெரிலைக் கேட்டேன்.

"திருடன்னு போன் பண்ணினியாமே. அவர் சொன்னார். அஞ்சு நாள் உன்னை வயலுக்குள்ள விடறார்ங்கறது ஊருக்கே தெரியும். மூணு நாள் பொறுத்துப் பார்த்தேன் டெஸ், நீயா சொல்லுவேன்னு. முட்டைத் தட்டோட வந்து உட்கார்ந்தேனே, அப்போகூட உன் வாய் திறக்கல."

"உன் தங்கச்சி வீடுன்னு..."

"எனக்கு மட்டும் அங்க போக ஆசையா? நீ குனியறதுக்கு முன்னாடி நாலு நாளா என்ன சாக்கு சொல்லலாம்னு நானும் மண்டையை உடைச்சுக்கிட்டு இருந்தேன். நீ ஒரு வார்த்தை கேட்டிருந்தா ரெண்டு பேரும் சேர்ந்தே ஒண்ணு கண்டுபிடிச்சிருக்கலாம். மாறி மாறி வயலுக்கும் வந்திருக்கலாம்."

பேச்சை மாற்றுவதே உத்தமம் என்று தோன்றியது. "இன்னும் ரெண்டரை நாள் இருக்கு, மிஸ்டர் லார்வுட். நான் இப்போ தேறிட்டேன்."

"பேசினது ஒரு ஆளுக்கு. அந்த ஆள் இவங்க. குழியெல்லாம் பார்த்தேன், தையல் போட்ட மாதிரி மூடறாங்க. தவிர, முதுகுவலிக்காரனை வயல்ல விட்டு உனக்கு ஏதாவது ஆச்சுன்னா நான் இல்ல பதில் சொல்லணும்?"

"அவருக்கு நேரமும் இல்லை," என்றாள் பெரில். "பவுலினுக்கு போன் பண்ணிட்டேன். டெஸ் தேறிட்டார், மூணே கால் ரயில்ல வர்றார்னு."

"எப்போ பண்ணினே?"

"காலையில. ஒன்பது மணிக்கு."

நான் ஓடியது பதினோரு மணிக்கு.

இவ்வாறாக, வெள்ளிக்கிழமை பிற்பகல், லெஸ்டர் நகரில், திரை இழுத்து மூடிய ஒரு வரவேற்பறையில், இருநூற்றுப் பதின்மூன்றாவது படத்துக்கு எதிரே நான் உட்கார்ந்திருந்தேன். கப்பலின் சலவை அறை. ஹோவர்ட் அதன் குழாய்களை விளக்கிக்கொண்டிருந்தார். என் போன் அடித்தது.

"மியூசியத்துல இருந்து ஒரு அம்மா வந்தாங்க," என்றாள் பெரில். "திங்கக்கிழமை நான் எடுத்த தங்கக் காசைப் பார்த்துட்டு அப்படியே உட்கார்ந்துட்டாங்க. கண்ணாடிப் பெட்டியில வைக்கணுமாம். லார்வுட்டும் சரின்னுட்டார். சீட்டுல 'கண்டெடுத்தவர்: பெரில் டடன்ஹம்'னு வரும்."

"சந்தோஷம்," என்றேன்.

"உன் பேரையும் சேர்க்கச் சொன்னேன். அவர் என்ன செஞ்சார்னு கேட்டாங்க. படுத்திருந்தார்னு சொன்னேன். அப்படியெல்லாம் எழுத இடமில்லையாம்."

"பரவாயில்ல."

"சரி, அதுக்காகக் கூப்பிடல. வடக்கு ஓரம் இன்னும் பாக்கி இருக்கு. இருட்டறதுக்குள்ள முடிக்கணும், காலையில உழுதுடுவார். இந்த மெஷின் விடாம கீச்சு கீச்சுனு கத்துது. மாத்து பேட்டரி எங்க வச்சிருக்கே?"

ஐந்து நாள்களில் முதன்முறையாக, எனக்குத் தெரிந்து பெரிலுக்குத் தெரியாத ஒன்று இந்த உலகத்தில் இருந்தது. பாதிரிக்கொல்லை முழுவதும் என் நாக்கின் நுனியில் நின்றது. நிபந்தனை விதிக்கலாம். சீட்டில் பெயர் கேட்கலாம். அடுத்த அறுவடையைக் கேட்கலாம். குறைந்தபட்சம் தொப்பியைத் திருப்பிக் கேட்கலாம். ஹோவர்ட் சலவை அறையை முடித்துவிட்டு, அதன் அடுத்த அறைக்குப் போனார்.

சமையலறையில், இரண்டாவது டிராயரில், மெழுகுவத்திகளுக்குப் பின்னால் இருக்கிறது என்று சொன்னேன்.