வாசலில் தொங்கிய சிவப்பு மூஞ்சிக்காரன்

கூச்சமும் ஒரு வியாதிதான். ஆனால் அந்த ஒரு வியாதிக்கு மட்டும் எந்த மருந்துக் கம்பெனியும் பொம்மை செய்து நான் பார்த்ததில்லை. மற்ற வியாதிகளுக்கெல்லாம் பார்த்துவிட்டேன்.

ஸ்ரீராம்புரத்தில் ஒரு டாக்டரம்மாவின் கிளினிக்கில் பத்தொன்பது வருஷம் ஆயாவாக இருந்தேன். பெருக்குவது, துடைப்பது, டோக்கன் கொடுப்பது, ஊசிக்கு அழும் பிள்ளைகளின் காலைப் பிடித்துக்கொள்வது. மத்தியானம் கூட்டம் குறைந்ததும் கழுத்தில் டை, கையில் கறுப்புப் பையோடு மருந்துக் கம்பெனி ரெப்புகள் வருவார்கள். பையிலிருந்து மாத்திரை வருவதற்கு முன்னால் பொம்மைதான் வரும். கிரீடம் வைத்த கிட்னி. கைகோத்துக்கொண்டு சிரிக்கும் இரண்டு நுரையீரல். கையில் குத்துச்சண்டை உறை மாட்டிய இரைப்பை. ஒருமுறை கூலிங் கிளாஸ் போட்ட புழு ஒன்று வந்தது. (வயிற்றுப் பூச்சி மருந்தாம். அந்தப் பூச்சியைக் கொல்ல வேண்டுமா, அதற்குப் பெண் பார்க்க வேண்டுமா என்று தெரியாதபடி அவ்வளவு அழகு.)

"எதுக்கு இந்த பொம்மையெல்லாம்? வர்ற பேஷண்ட் பயப்படறாங்க" என்று டாக்டரம்மாவே ஒருநாள் கேட்டுவிட்டார்.

"பேஷண்ட்டுக்கு இல்ல மேடம். சீட்டு எழுதும்போது நீங்க எங்கள மறந்துடக் கூடாதுல்ல" என்றார் ரெப்பு.

டாக்டரம்மாவின் மேஜையில் இடம் இல்லாததால் எல்லாம் என் வீட்டுக்கு வந்தன. எங்கள் வீட்டுக் கடிகாரம் சர்க்கரை வியாதி கொடுத்தது. குடை ஆஸ்துமா கொடுத்தது. காப்பி குடிக்கும் கப்பு மூட்டுவலி கொடுத்தது. என் மகள் வாணி பத்தாவது பரீட்சை எழுதியது பேதி மருந்துப் பேனாவில். (நிற்காமல் எழுதினாள். பாஸும் ஆனாள்.)

நான் ஐந்தாவது வரை படித்தவள், அதுவும் தமிழில். பொம்மைகளின் மேல் போட்டிருக்கும் இங்கிலீஷ் எனக்குப் படிக்க வராது. யாரையாவது கேட்கலாம். கேட்பதும் எனக்கு வராது.

அப்படிப்பட்ட நேரத்தில்தான் அவன் வந்தான். முழங்கை நீளம் இருப்பான். ரப்பர் பொம்மை. மிளகாய்ப் பழம் போலச் சிவந்த உருண்டை மூஞ்சி. பிதுங்கின கண். நறநறவென்று கடித்த பல். நெற்றியில் வியர்வை முத்து முத்தாக. வயிற்றை அமுக்கினால் "ஊஊஊ... ஆஆஹ்" என்று ஒரு சத்தம் வரும். டாக்டரம்மா அவனை ஒரு நிமிஷம் பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"ஆயம்மா, இத என் கண்ணு முன்னாடி வெக்காதீங்க. எடுத்துட்டுப் போயிடுங்க."

இவ்வளவு சிவந்து கிடக்கிறானே, ரத்தக் கொதிப்பு பொம்மையாக இருக்கும் என்று நானே முடிவு செய்துகொண்டேன். அந்தச் சமயம் எங்கள் வீட்டு வாசலில் கட்டியிருந்த திருஷ்டிப் பூசணி அழுகிப்போயிருந்தது. கடையில் விற்கும் திருஷ்டி பொம்மைகளைப் பார்த்திருக்கிறேன். பாதி பொம்மைக்குக் கோபமே வராது, மீசை வைத்த மாப்பிள்ளை மாதிரி இருக்கும். இவனோ பார்த்தாலே வயிற்றைக் கலக்குகிறான். இவனை விட்டால் கண்ணேறு கழிக்க வேறு யார்?

ஒரே ஒரு குறை. இடுப்புக்குக் கீழே அவனுக்குத் துணி இல்லை. பின்பக்கம் பெரிதாகத் தூக்கிக்கொண்டு, அதன்மேல் இங்கிலீஷ் எழுத்தும் ஏதோ படமுமாக இருந்தது. வயசுப் பெண் இருக்கிற வீட்டு வாசலில் அப்படியா நிற்பது? கிளினிக்கிலேயே உட்கார்ந்து, பழைய பச்சைத் திரையைக் கிழித்து, நாடா வைத்து ஒரு சின்ன லுங்கி தைத்துக் கட்டினேன். எழுத்தும் மறைந்தது, மானமும் தப்பியது. வீட்டில் கறுப்புக் கயிற்றில் கட்டி, எலுமிச்சம்பழமும் பச்சை மிளகாயும் கோத்து, வாசலுக்கு மேலே தொங்கவிட்டேன். அமாவாசைக்கு அமாவாசை கற்பூரம் காட்டினேன். ஒன்றரை வருஷம்.

எதிர்வீட்டு கங்கம்மா கன்னடக்காரி. மூன்றாம் நாளே வந்துவிட்டாள். "ஏனு அக்கா இது, எஷ்டு சென்னாகிதே! இவ்ளோ அழகா இருக்கே, எனக்கும் ஒண்ணு குடுக்க மாட்டியா?" அவளைப் பார்த்து இன்னும் இரண்டு வீட்டுக்காரிகள். இல்லை என்று சொல்லவும் எனக்குக் கூச்சம். சிவப்பு மூஞ்சிக்காரனைக் கொடுத்த ரெப்பு அடுத்த முறை வந்தபோது, அவர் பையிலிருந்த அட்டைப் படத்தைக் காட்டி, மூன்று விரலைக் காட்டினேன்.

அவர் முகம் அப்படியே இளகிவிட்டது. "வீட்ல மூணு பேருக்கா ஆயம்மா? அய்யோ பாவம்" என்றார். மூன்று பொம்மை கொடுத்தார். கூடவே நடுவில் ஓட்டை போட்ட வட்ட மெத்தை ஒன்றும் கொடுத்து, "இதையும் வெச்சுக்குங்க, ரொம்ப உதவும்" என்றார். உண்மையாகவே உதவியது. எங்கள் வீட்டுத் தண்ணீர்க் குடம் அதன்மேல் ஆடாமல் அசையாமல் உட்கார்ந்தது. இவ்வளவு நல்ல பிரிமணை கொடுக்கிற மனசு எந்தக் கம்பெனிக்கு வரும் என்று நினைத்துக்கொண்டேன்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். வாணிக்கு முப்பது வயது ஆகிவிட்டது. முன்னால் வந்த இரண்டு சம்பந்தம் என்னால் கெட்டது. வந்தவர்கள் கேட்டதற்கெல்லாம் நான் தலையைக் குனிந்துகொண்டு நின்றதில், 'பெண்ணோட அம்மாவுக்குத் திமிர்' என்று சொல்லிவிட்டுப் போனார்கள். மூன்றாவதாகச் சந்தாபுராவிலிருந்து வந்தது. பையன் குமார் கம்பெனிக்குக் கார் ஓட்டுகிறான். போட்டோ பார்த்த நாளிலிருந்து வாணி தனக்குள் சிரித்துக்கொண்டே பாத்திரம் தேய்த்தாள். எனக்கு அதுவே போதும். இது மட்டும் கெட்டுவிடக் கூடாது என்று, பெண் பார்க்க வரும் நாள் காலையில் சிவப்பு மூஞ்சிக்காரனுக்கு இரண்டு கற்பூரம் கூடுதலாகக் காட்டினேன்.

பேச என் தம்பி ரங்கனை வரவழைத்திருந்தேன். அவன் எனக்கும் சேர்த்துப் பேசுவான்.

பையன், அவன் அம்மா, அப்பா மூன்று பேரும் வந்தார்கள். அப்பா பஸ் டிரைவராக இருந்து ரிடையர் ஆனவர். உள்ளே வந்தார், சுவரோரமாக நின்றார்.

"உக்காருங்க சம்பந்தி" என்றான் ரங்கன், இப்போதே உறவாகிவிட்ட மாதிரி.

"பரவால்ல."

"அட, உக்காருங்க."

"இருக்கட்டும். நிக்கிறேன்."

வாணி தட்டோடு வந்தாள். அவர் நின்றுகொண்டே பார்த்தார். பஜ்ஜியை நின்றுகொண்டே தின்றார். எங்கள் பக்கத்தில் பெண் பார்க்க வந்த பெரியவர் உட்காரவில்லை என்றால், அதற்கு மேல் சொல்வதற்கு ஒன்றுமில்லை. சம்பந்தம் வேண்டாம் என்று அர்த்தம். ரங்கனின் கழுத்து நரம்பு புடைத்தது.

"வீடு சின்னதுதான், நாற்காலி சுத்தமாத்தான் இருக்கு" என்று சொல்லி, அவர் தோளைப் பிடித்து ஒரே அமுக்கு. அவர் உட்கார்ந்தார். உட்கார்ந்த வேகத்தில், தேள் கொட்டினவர் போலத் துள்ளி எழுந்தார். கண் கலங்கியிருந்தது.

"அவ்ளோ கேவலமா போச்சா எங்க வீட்டு நாற்காலி?" ரங்கன் சத்தம் போட்டான்.

"மாமா, அப்படியில்ல மாமா" என்று பையன் எழுந்தான். அப்பாவுக்கு முகமெல்லாம் வியர்த்திருந்தது. "கெளம்பலாம்" என்றார். நான் ஏதாவது சொல்லியிருக்க வேண்டும். என் வாயில் பூட்டு. மூன்றாவதும் போயிற்று என்று நினைத்தேன்.

வாசல் தாண்டும்போது பையனின் அம்மா மட்டும் நின்றார். பாவம், நல்ல மனுஷி. சண்டையை ஆற்ற வேண்டும் என்று நினைத்தாரோ என்னவோ, அண்ணாந்து பார்த்து, "இந்த திருஷ்டி பொம்மை எங்க வாங்குனது? என்னா உக்கிரம்! எங்க வீட்டுக்கும் இப்படித்தான் ஒண்ணு தேடிக்கிட்டிருக்கேன்" என்றார்.

எனக்குப் பேசத்தான் தெரியாது, கொடுக்கத் தெரியும். ஸ்டூல் மேல் ஏறி அவனைக் கழற்றி அந்தம்மா கையில் கொடுத்தேன். அவர் ஆசையாக வயிற்றைப் பிடித்தார். "ஊஊஊ... ஆஆஹ்" என்றான் அவன். நாடா அவிழ்ந்தது. லுங்கி கீழே விழுந்தது.

"இவனா!" என்றார் பையனின் அப்பா. "இவன் எப்படி இங்க வந்தான்?"

"யாருங்க?" என்றார் அந்தம்மா.

பையனின் அப்பா வாயைப் பொத்திக்கொண்டார். பையன் குனிந்து அந்தப் பின்பக்கத்தை உற்றுப் பார்த்தான். தீப்பிடித்து எரியும் ஒரு நாற்காலி, அதற்குக் கீழே இரண்டு வரி இங்கிலீஷ். படித்தான். உதட்டைக் கடித்தான். தோள் குலுங்க ஆரம்பித்தது.

"அம்மா... இது மூலத்துக்கு மருந்து. அதோட விளம்பரம்."

தெருவே என்னைப் பார்ப்பது போல இருந்தது. (பாதித் தெரு பார்த்துக்கொண்டும் இருந்தது. எதிரே கங்கம்மா தன் வாசலில், தன் பொம்மைக்குக் கீழே நின்றிருந்தாள்.) ஒன்றரை வருஷக் கற்பூரம்! எந்த வியாதிக்குக் கன்னத்தில் போட்டுக்கொண்டேன் என்று நினைத்ததும், பூமி பிளந்தால் குதித்துவிடலாம் என்று காலடியைப் பார்த்தேன். சிமெண்ட் தரை. பிளக்கவில்லை.

அந்தம்மா பொம்மையை ஒருமுறை பார்த்தார், புருஷனை ஒருமுறை பார்த்தார். இரண்டு முகமும் ஒரே மாதிரி சிவந்து, வியர்த்து, பல்லைக் கடித்துக்கொண்டிருந்தன.

"ஏங்க, பீரோவுல துணிக்கு அடியில ஒரு அட்டைப் பெட்டி ஒளிச்சு வெச்சிருக்கீங்களே, அதுல இருக்குற மூஞ்சி இதுதானே? நான் தீபாவளிக்கு வாங்குன பட்டாசுன்னு நெனச்சேன்! அதான் சந்தாபுராலருந்து ரெண்டு பஸ்லயும் சீட்டு கெடைச்சும் நின்னுக்கிட்டே வந்தீங்களா? பெத்த புள்ளைகிட்ட சொல்ல வேணாம், கட்டினவகிட்டயாவது சொல்லக் கூடாதா?"

"வெக்கமா இருந்துச்சுடி" என்றார் அவர், மிக மெதுவாக. பிறகு ரங்கனைப் பார்த்தார். "தம்பி, எனக்குப் பொண்ண புடிச்சிருக்கு. பஜ்ஜி புடிச்சிருக்கு. உங்க வீடும் புடிச்சிருக்கு. நாற்காலிதான்யா முடியல."

ரங்கன் அவர் தோளை அமுக்கின கையை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டான். எனக்கு அந்த மனுஷனைப் பார்க்கப் பாவமாக இருந்தது. சொல்ல வெட்கப்பட்டுக்கொண்டு முப்பது கிலோமீட்டர் நின்றுகொண்டே வந்தவர். என் ஜாதிதான் அவர், கூச்ச ஜாதி.

அப்போதுதான் ரெப்பு கொடுத்த மெத்தையில் அந்த ஓட்டை எதற்கு என்று எனக்குப் புரிந்தது. உள்ளே போனேன். தண்ணீர்க் குடத்தைத் தூக்கிக் கீழே வைத்தேன். அந்த வட்ட மெத்தையை முந்தானையால் துடைத்து, நாற்காலியில் போட்டு, வாசலுக்கு வந்து அவர் முன்னால் கையைக் காட்டினேன்.

அவர் மெத்தையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். உள்ளே வந்தார். ஒரு கையால் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு, மெதுவாக, மெதுவாக இறங்கினார். வீடே மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றது.

"ஆஆஹ்" என்றார். பொம்மை போலவே.

"சம்பந்தி உக்காந்தாச்சு!" என்று கத்தினான் ரங்கன். வாணி தட்டை அங்கேயே வைத்துவிட்டு உள்ளே ஓடினாள். சிரித்தாளா, அழுதாளா என்று இன்றுவரை சொல்லவில்லை.

அடுத்த தை மாதம் கல்யாணம். மணவறையில் சம்பந்தி அந்த மெத்தைமேல்தான் உட்கார்ந்தார். மேலே பட்டுத் துணி போர்த்திவிட்டோம். இப்போது அவருக்கு முழுக்கக் குணமாகிவிட்டது. இருந்தாலும் எங்கள் வீட்டுக்கு வந்தால், குடத்தை இறக்கி மெத்தையைப் போடும்வரை நின்றுகொண்டேதான் இருப்பார். எங்கள் குடும்பத்தில் எந்த நல்ல காரியம் பேசினாலும், ரங்கன் போன் செய்து கேட்கும் முதல் கேள்வி, "என்னக்கா, அவங்க உக்காந்துட்டாங்களா?"

சிவப்பு மூஞ்சிக்காரன் இப்போது சந்தாபுராவில் சம்பந்தி வீட்டு வாசலில், புது லுங்கியோடு தொங்குகிறான். எங்கள் சந்தில் மற்ற மூன்று வீட்டிலும் அவன் தம்பிகள் இருக்கிறார்கள். அன்றைக்கு என்ன கலாட்டா என்று கங்கம்மா கேட்டாள். பொம்மைக்கு லுங்கி அவிழ்ந்துவிட்டது என்று மட்டும் சொன்னேன். அமாவாசை தவறாமல் அவள் கற்பூரம் காட்டுகிறாள். அவன் வந்த பிறகு எங்கள் சந்தில் ஒருவருக்கும் அந்த வியாதி வரவில்லை என்றுதான் நினைக்கிறேன். வந்திருந்தாலும், யார் சொல்லப்போகிறார்கள்?