வடமேற்கு நீர்நிலையில் ஓர் ஈ

எங்கள் துறையில் எல்லோரும் ஈ ஓட்டிக்கொண்டிருக்கிறோம் என்று வெளியே ஒரு பேச்சு உண்டு. இது அபாண்டம். பூச்சியியல் துறையில் மொத்தம் அறுபத்திரண்டு பேர். அதில் ஈயோடு சம்பந்தப்பட்டவர் ஒரே ஒருவர்தான். மீதி அறுபத்தொரு பேரும் அவர் ஒழுங்காக ஈ பார்க்கிறாரா என்று மேற்பார்வை செய்துகொண்டிருந்தோம்.

அந்த ஒருவரை நாங்கள் பூச்சி மேடம் என்போம். நான் கடிதப் பிரிவு எழுத்தர். என் மேஜை வடமேற்கு மூலையில், ஜன்னலோரம். ஜன்னலுக்கு வெளியே ஒரு சாக்கடை. அது அடைத்துக்கொண்டு ஒன்பது வருடம். அடைப்பை எடுக்கச் சொல்லி நாற்பத்து மூன்று கடிதம் எழுதியிருந்தேன். நாற்பத்து மூன்றுக்கும் 'பரிசீலனையில் உள்ளது' என்றே பதில். பரிசீலனையின் வாசனை எப்படியிருக்கும் என்று யாராவது கேட்டால் என்னால் துல்லியமாகச் சொல்ல முடியும். அந்த மூக்குத் தகுதி எனக்கு உண்டு.

ஒரு நாள் மத்தியானம் ஜன்னல் கண்ணாடியில் ஒரு குளவி உட்கார்ந்திருந்தது. கையில் இருந்த கோப்பைச் சுருட்டி ஓங்கினேன்.

"ஐயோ, அடிச்சிடாதீங்க!" பூச்சி மேடம் கண்ணாடி டம்ளரோடு பாய்ந்து வந்தார்.

"குளவி, மேடம். கொட்டிடும்."

"இதுக்குக் கொடுக்கே கிடையாது. இது ஒரு ஈ. குளவி மாதிரி மஞ்சள் கறுப்புல சட்டை போட்டுக்கிட்டு எல்லாரையும் மிரட்டும். அவ்வளவுதான்."

எனக்கு இயக்குநர் ஞாபகம் வந்தார். வெளியே சொல்லவில்லை.

டம்ளருக்குள் அந்த ஈ அந்தரத்தில் நின்றது. இறக்கை கண்ணுக்கே தெரியாத வேகத்தில் அடித்துக்கொண்டது, ஆனால் ஓர் அங்குலம்கூட நகரவில்லை. இவ்வளவு மும்முரமாக இயங்கிக்கொண்டு இருந்த இடத்திலேயே இருக்கும் ஜீவனை நான் அரசு அலுவலகத்துக்கு வெளியே பார்த்ததில்லை.

மூன்று நாள் மேடம் மைக்ராஸ்கோப்பை விட்டு எழுந்திருக்கவில்லை. நான்காம் நாள் என் மேஜைக்கு வந்தார். கண் கலங்கியிருந்தது.

"கண்ணுல மூணு கோடு இருக்கு. முதுகுல வெள்ளி மாதிரி ரோமம். பின்னங்கால் தொடை இப்படி வீங்கின ஈ உலகத்துல எங்கேயும் பதிவாகலை. புது இனம். எட்டு வருஷமா குனிஞ்சு குனிஞ்சு கழுத்து போனதுதான் மிச்சம்னு நினைச்சிட்டிருந்தேன்."

எனக்கும் பெருமையாக இருந்தது. என் ஜன்னலில் கிடைத்த ஈ அல்லவா!

ஒரே ஒரு சிக்கல். பிடிபட்டது பெண். ஆணையும் பார்த்து விவரித்தால்தான் புது இனம் என்று ஒப்புக்கொள்வோம் என்று ஆய்விதழ்காரர்கள் எழுதிவிட்டார்கள். மேடம் தேடினார். எங்கே? என் சாக்கடையில். அங்கே எலிவால் மாதிரி நீளமான மூச்சுக்குழாயை மேலே நீட்டிக்கொண்டு அந்த ஈயின் புழுக்கள் சுகமாக இருந்தன. ஜாம் பாட்டிலில் போட்டு மேஜையில் வைத்தார், செத்துப்போயின. வேறு சாக்கடைத் தண்ணீரில் வைத்தார், அதிலும் செத்தன. ஒன்பது வருடப் பரிசீலனையில் ஊறிய அந்தத் தண்ணீர் மட்டுமே அவற்றுக்கு ஒத்துக்கொண்டது.

"புழுவெல்லாம் ஓரத்துச் சேத்துல கூடு கட்டியிருக்கு," என்றார் மேடம். "பன்னிரண்டு நாள்ல ஆண் வெளிய வந்துடும். அதுவரைக்கும் யாரும் அந்தப் பக்கம் போகாம இருந்தா போதும்."

ஒன்பது வருடமாக யாரும் போகாத பக்கம் என்று நான் தைரியம் சொன்னேன்.

முறைப்படி இயக்குநரின் அனுமதி பெறக் கோப்பு திறக்கப்பட்டது. நான்தான் எடுத்துப் போனேன். மேடமும் வந்தார்.

"புது இனம்ங்கறீங்க. நம்ம பட்டியல்ல இருக்கா?" என்றார் இயக்குநர்.

"புதுசு சார். பட்டியல்ல இருக்காது."

"பட்டியல்ல இல்லாத பூச்சிக்கு நான் எப்படி அனுமதி கொடுக்கறது? முதல்ல பட்டியல்ல சேருங்க."

"சேர்க்கறதுக்கு உங்க அனுமதி வேணும் சார்."

"அதைத்தானே நானும் சொல்லிட்டிருக்கேன்."

பிறகு அவர் விரல் ஒரு வரியில் நின்றது. "வாழிடம், சாக்கடை. இதென்ன? நம்ம வளாகத்துல சாக்கடை இருக்குன்னு நானே கையெழுத்துப் போட்டு மேல அனுப்பணுமா?"

அறையில் இருந்த மொழிவளம் நான்தான். பேனாவை எடுத்தேன். 'அலுவலக வளாகத்தின் வடமேற்கே அமைந்துள்ளதும், கரிமச் சத்து மிக்கதும், சலனமற்றதுமான நீர்நிலை' என்று திருத்தினேன். இயக்குநர் அதை இரண்டு தரம் வாய்விட்டுப் படித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார். இருபது வருட சர்வீஸில் நான் எழுதிய மிக அழகான வாக்கியம் அது.

கோப்பு மேலே போகப் போக ஈயின் பெயரும் மாறியது. முதலில் இயக்குநர் தன் பெயரை வைக்கச் சொன்னார். செயலாளர் அதை அடித்துத் தன் பெயரை எழுதினார். அமைச்சர் அலுவலகம் அதையும் அடித்து அமைச்சர் பெயரை எழுதியது.

"விவரிக்கிறவங்கதான் பேர் வைக்கணும் சார்," என்றார் மேடம்.

"யார் வேண்டாம்னா? நீங்களே வைங்க. நாங்க சொல்ற பேரை நீங்களே வைங்க," என்றார் இயக்குநர்.

அதற்காகப் பெயர்சூட்டுக் குழு ஒன்று அமைத்து, மேடத்தை இரண்டு நாள் தலைமையகத்துக்கு வரச் சொன்னார்கள். கூடவே ஒரு தந்தி வேகத் தகவல்: மாண்புமிகு அமைச்சர் அவர்கள் வருகிற வெள்ளிக்கிழமை நேரில் வந்து நீர்நிலையைப் பார்வையிடுவார். ஆண் ஈ வெளிவர அப்போது இன்னும் ஏழு நாள் இருந்தது.

இங்கே எங்கள் வேலைமுறையைச் சொல்ல வேண்டும். ஈ சம்பந்தமான காகிதம் பச்சைக் கோப்பில் போகும். சாக்கடை சம்பந்தமான காகிதம் சிவப்புக் கோப்பில் போகும். ஒன்றை எடுத்தால் மற்றதை மூடிவிட வேண்டும். ஒரு கோப்பில் இருப்பதை இன்னொரு கோப்பில் வைத்து யோசிக்கக் கூடாது. வேலைக்குச் சேர்ந்த முதல் நாள் எனக்குச் சொல்லிக்கொடுத்தது இதுதான்.

அமைச்சர் வருகிறார் என்றதும் பச்சையை மூடினேன், சிவப்பைத் திறந்தேன். ஒன்பது வருடத்தில் கிடைத்த ஒரே வாய்ப்பு. 'மாண்புமிகு அமைச்சர் அவர்களின் சுவாசத்தைக் கருத்தில் கொண்டு' என்று தொடங்கி நாற்பத்து நான்காவது கடிதத்தை எழுதினேன்.

நான்கு மணி நேரத்தில் உத்தரவு வந்தது. மறுநாள் காலை லாரி வந்தது, குழாய் வந்தது, உறிஞ்சியது. சேற்றைச் சுரண்டினார்கள், மருந்து அடித்தார்கள், வெள்ளைப் பொடி தூவினார்கள். சாயங்காலத்துக்குள் மேலே நீல நிற ஓடும் பதித்தாயிற்று. நான் ஜன்னலில் நின்று வேலையாட்களுக்குத் தேநீர் சொன்னேன்.

வீட்டுக்குப் போனதும் மனைவி சட்டையை வாங்கி முகர்ந்து பார்த்தாள். "என்னங்க, இன்னிக்கு ஆபீஸ் போகலையா? வாடையே இல்லையே?"

"எல்லாம் என் எழுத்து," என்றேன். நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு சாப்பிட்டேன்.

மறுநாள் பூச்சி மேடம் திரும்பி வந்தார். நேராகப் பின்பக்கம் போனார். வெகு நேரம் வரவில்லை. எட்டிப் பார்த்தேன். நீல ஓட்டின் மேல் கால்களை மடக்கி உட்கார்ந்திருந்தார்.

"பார்த்தீங்களா மேடம்? நம்ம கடிதத்துக்கு இப்பதான் விமோசனம்!"

"எந்தக் கடிதம்?"

சொல்ல வாயைத் திறந்தபோதுதான், என் மண்டைக்குள் பச்சைக் கோப்பும் சிவப்புக் கோப்பும் முதன்முறையாகப் பக்கத்துப் பக்கத்தில் வந்து நின்றன. வாய் திறந்தபடியே நின்றேன். உள்ளே போவதற்குக்கூட ஓர் ஈ இல்லை. அவர் என்னைத் திட்டியிருந்தால் தேவலை. கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்து போய்விட்டார். அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை.

வெள்ளிக்கிழமை அமைச்சர் வந்தார். "எங்க அந்த நீர்நிலை?" என்றார். இயக்குநர் நீல ஓட்டைக் காட்டினார்.

"அடடா, என்ன சுத்தம்! ஈ காக்கா இல்லையே!" என்று அமைச்சர் வியந்தார். அனைவரும் கைதட்டினோம்.

ஈ இல்லை என்பதுதான் செய்தி என்று பிறகு மெல்ல மேலே தெரிந்தது. இல்லாமல் போன ஈக்குத் தன் பெயரா, அபசகுனம் என்று அமைச்சர் விலகினார். செயலாளர் விலகினார். இயக்குநர் தன் பெயர் அந்தக் கோப்பில் எங்காவது இருக்கிறதா என்று என்னையே தேடச் சொன்னார். குழு கலைந்தது.

இனி ஆண் கிடைக்க வழியே இல்லை என்று மேடம் எழுதிய பிறகு, ஆய்விதழ்காரர்கள் அந்த ஒற்றைப் பெண்ணை வைத்தே ஒப்புக்கொண்டார்கள். ஆறு மாதம் கழித்து அச்சான கட்டுரையை மேடம் என் மேஜையில் வைத்தார். உலகத்துப் பூச்சிகளின் பட்டியலில், காலம் உள்ளவரை நிற்கும்படி, அந்த ஈக்கு என் பெயர் வைக்கப்பட்டிருந்தது.

அடுத்த வரியைப் படித்தேன். 'இவ்வினத்தை இனி எவரும் காண இயலாமைக்கு முழுமுதற் காரணமான, கடமை தவறாத எழுத்தர் ஒருவரின் நினைவாக.'

"நினைவாகன்னு போட்டிருக்கீங்களே மேடம், நான் உயிரோடதானே இருக்கேன்?"

"நீங்க இருக்கீங்க," என்றார். "அது இல்ல."

எங்கள் அலுவலகத்தில் யாரும் எதையும் இரண்டாவது வரி வரை படிப்பதில்லை. அதனால் எனக்கு மாலை போட்டார்கள். மச்சினன் ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிகிறான். இயக்குநருக்கு மட்டும் முகம் கறுத்துவிட்டது. மறுவாரமே ஒரு சுற்றறிக்கை வந்தது. ஒவ்வொரு அதிகாரியும் தத்தம் அறைக்குப் பின்னால், சலனமற்ற நீர்நிலை ஒன்றைத் தம் சொந்தப் பொறுப்பில் பேணி வளர்க்க வேண்டும். இப்போது வளாகத்தில் பதினேழு சாக்கடைகள் முறையான அனுமதியோடு அடைபட்டுக் கிடக்கின்றன. தினமும் காலையில் அதிகாரிகள் டம்ளரும் கையுமாகக் குனிந்து நிற்கிறார்கள்.

நாற்பத்தைந்தாவது கடிதத்தை எழுதிவிட்டேன். பரிசீலனையில் உள்ளது.

இவ்வளவு சொன்னவன் என் பெயரைச் சொல்லவில்லையே என்பீர்கள். மேடத்தின் அறையில், கண்ணாடிப் பெட்டிக்குள், ஊசியில் குத்தி, கீழே சீட்டில் எழுதி வைத்திருக்கிறது. வந்து பாருங்கள். மூக்கைப் பொத்திக்கொண்டு வாருங்கள்.