அக்கா வீட்டு ஏழு குதிரைகள்

கையில் ஸ்கேல் இருந்தால் தப்பே நடக்காது என்று இருபத்து மூன்று வயது வரை நம்பியிருந்தேன். கல்பாக்கத்தில் வரைபடம் போடும் வேலை. (சேர்ந்து எட்டு மாதம்தான். அதற்குள் தலைக்கனம் எட்டு வருஷத்துக்கு ஏறியிருந்தது.)

இரண்டாயிரத்தின் தொடக்க வருஷங்கள். மதுராந்தகத்தில் அக்கா புது வீடு கட்டினாள். கிரகப்பிரவேசத்துக்குப் பிறந்த வீட்டுச் சீர் போக வேண்டும். அப்பா இல்லாததால் அது என் பொறுப்பு. சீர் சரியில்லை என்றால் அக்காவின் மாமியார் வருஷக்கணக்கில் சொல்லிக் காட்டுவார். அம்மா குத்துவிளக்கு வாங்கச் சொன்னாள். "அதத்தான் எல்லாரும் தர்றாங்களே" என்றேன். ஓடும் ஏழு குதிரைப் படம் வீட்டுக்கு நல்லது என்று அப்போது ஊரெல்லாம் பேச்சு. குதிரைகள் வீட்டுக்குள் ஓடிவர வேண்டும், அவ்வளவுதான் விதி. படம் எதற்கு, இரும்பிலேயே செய்துவிடலாம் என்று கிளம்பினேன்.

பூச்சுகூட முடியாத ஹாலை அளந்து, இடது சுவருக்கென்றே வரைந்து, மாமல்லபுரத்தில் ஒரு வெல்டிங் பட்டறையில் கொடுத்தேன். ஐந்தடித் தகட்டில் உருவமாகவே வெட்டியெடுத்த ஏழு குதிரைகள். பிடரிக்குக் கம்பி, கண்ணுக்குப் பித்தளைக் குமிழ், மேலே தங்க நிறம். "பின்னாடியும் பெயிண்ட் அடிச்சிடவா சார்?" என்றார் பட்டறைக்காரர். "செவுத்துப் பக்கத்த யாரு பாக்கப் போறா?" என்றது சாட்சாத் நான்தான்.

விசேஷத்தன்று காலையில் போனால், நான் அளந்த சுவரில் ஷோகேஸ் கட்டியிருந்தது. (யாரும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.) எதிர்ச்சுவர் காலியாக இருந்தது. பெருமையாக அங்கே மாட்டினேன்.

மாமியார் வந்து நின்று பார்த்தார்.

"இன்னாப்பா இது? ஏழும் வாசல பாத்து ஓடிகினு கீது? எங்க வூட்டு லட்சுமிய இட்டுகினு போறதுக்கா சீர் எடுத்தாந்த?"

அப்போதுதான் எனக்கே உறைத்தது. சுவர் மாறினால் திசையும் மாறும் என்பது ஸ்கேலுக்குத் தெரியாது; எனக்காவது தெரிந்திருக்க வேண்டும்.

"இத்த எறக்காம பால் காய்ச்சக் கூடாது" என்றார் மாமியார். நல்ல நேரம் முடியக் கால் மணிதான் இருந்தது. ஐயர் கடிகாரத்தைப் பார்த்தார். அத்தனை சொந்தக்காரர் முன்னால் பிறந்த வீட்டுச் சீரை இறக்கினால் அக்காவுக்கு எப்படி இருக்கும்? அவள் முகத்தைப் பார்க்கவே வெட்கமாக இருந்தது.

அக்கா பட்டுப்புடவையைச் செருகிக்கொண்டு ஸ்டூலில் ஏறினாள். "டேய், அந்தப் பக்கம் புடி." தகட்டை அப்படியே முன்பின்னாகத் திருப்பினாள். குதிரைகள் வீட்டுக்குள் ஓடத் தொடங்கின. ஆனால் நிறம் துருவுக்கு அடிக்கும் வெறும் ரெட் ஆக்சைடு. பிடரி இல்லை, கண் இல்லை, வயிறெல்லாம் வெல்டிங் கட்டிகள். பின்னால் இருந்த கொக்கிகள் முன்னால் வந்துவிட்டதால் கொத்தனார் விட்டுப்போன கட்டுக்கம்பியால் கட்டினோம்.

மாமியார் விடவில்லை. "கண்ணே இல்லியேடி, எப்படி வழி தெரியும்?"

"நம்ம வூட்டுக்கு வர்றதுக்குக் கண்ணு எதுக்கு அத்தை?"

மாமியாருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பால் நேரத்தோடு பொங்கியது.

அதற்குப் பிறகு நான் எதைக் கொடுத்தாலும் அக்கா திருப்பிப் பார்க்காமல் வாங்கியதில்லை. புடவை, டிபன் கேரியர், எதுவானாலும் சரி. என் கல்யாணப் பத்திரிகையை முதலில் அவளுக்குத்தான் கொடுத்தேன். முன்பக்கம் தங்க எழுத்தில் என் பெயர். மாமியாரும் மருமகளும் சேர்ந்து பின்பக்கத்தைத்தான் முதலில் பார்த்தார்கள்.