ஞானஸ்நானம் பெற்ற பிஸ்டன்கள்

எஞ்சினை ஒருநாளும் திறக்காமல் அதன் பலத்தை மட்டும் கூட்டிக்கொண்டே போகலாம் என்று நம்பிய மனிதர் இந்தப் பூமியில் ஒருவர்தான் பிறந்தார். அவரும் மன்னாரில் அரிப்பு என்ற ஊரில் பிறந்தார். இதனால் உலகம் தப்பியதா, நட்டப்பட்டதா என்று எனக்கு இன்றுவரை முடிவாகத் தெரியாது.

ஊருக்கு அவர் 'உள்வீட்டண்ணை'. பிஸ்டன், ரிங், வால்வு என்று எஞ்சினுக்குள் இருக்கும் சகலத்துக்கும் அவர் வைத்த பெயர் உள்வீடு. "வெளியிலை என்னத்தையும் மாத்தலாம். உள்வீட்டிலை கைவைக்கப்படாது" என்பதை, சுகம் விசாரிப்பதுபோலக் காண்கிறவர்களிடமெல்லாம் சொல்வார்.

சண்டை ஓய்ந்து, சனம் திரும்பி வந்து, தகரக் கொட்டில்களில் அடுப்பு மூட்டத் தொடங்கியிருந்த காலம். நான் முசலிப் பக்கத்தில் ஒரு கந்தோருக்குக் கிளாக்கராக வந்து, அண்ணையின் வளவுக்கு அடுத்த வீட்டில் தங்கியிருந்தேன். பஸ் நினைத்தால் வரும். ஆகவே எனக்கு அவருடைய கார்தான் கதி. அந்தக் கார் என் அப்பாவைவிட மூத்தது. மைல் காட்டும் முள் சுற்றி முடிந்து சைபருக்கு வந்து, மறுபடியும் சுற்றி, பிறகு வெட்கப்பட்டு நின்றுவிட்டதாம். சண்டைக் காலத்தில் பெற்றோல் கிடைக்காமல் மண்ணெண்ணெய் குடித்தே ஓடியதால், அது நின்ற இடமெல்லாம் அடுப்பெரியும் குசினிபோல மணத்தது.

ஒரேயொரு குறை. தள்ளினால்தான் ஸ்ரார்ட் வரும். தள்ளுகிறவர் அண்ணையின் மனைவி திரேசக்கா. இடம்பெயர்ந்து அலைந்த பாதை முழுக்கத் தான் காரில் போன தூரத்தைவிடக் காரைத் தள்ளிய தூரம்தான் கூட என்பது அக்காவின் கணக்கு. டிக்கி மூடியில் அவருடைய உள்ளங்கை பட்ட இரண்டு இடங்களில் பெயின்ற் தேய்ந்து தகரம் தெரியும்.

பழைய இரும்பு வாங்கும் லொறி ஊருக்குள் வந்த அன்று அக்கா தீர்ப்புச் சொன்னார்.

"இஞ்சாருங்கோ, ஆவணித் திருவிழாவுக்கு மடு மாதா கோயிலுக்கு இந்தக் காரிலைதான் போறம். வழியிலை ஒருக்கா எண்டாலும் என்னைத் தள்ள வைச்சியளோ, வந்த கையோடை இது இரும்புக்காரனுக்கு. அவனிட்டைச் சொல்லியும் வைச்சிட்டன்."

அண்ணையின் முகம் கறுத்துவிட்டது. அடுத்த நாளே முருங்கனிலிருந்து ஒரு மெக்கானிக்கைக் கூட்டி வந்தார். அவர் எஞ்சினில் காதை வைத்துக் கேட்டுவிட்டு, "அண்ணை, சிலிண்டரைக் கடைஞ்சு புதுப் பிஸ்டன் போடோணும். வேறை வழியில்லை" என்றார்.

"அது ஏலாது."

"ஏன் ஏலாது?"

அப்போதுதான் எனக்கும் விஷயம் தெரிந்தது. இடம்பெயர்வதற்கு முன்பு ஒருநாள், கோயில் வாசலில் வாகனங்களை மந்திரிக்கப் பங்குச் சுவாமி தீர்த்தத்துடன் வந்திருக்கிறார். மற்றவர்கள் பொனற்றைத் திறந்து வைத்தார்கள். அண்ணை இன்னும் ஒருபடி மேலே போய், எஞ்சின் ஒயில் விடும் மூடியையே கழற்றிவிட்டு, "சுவாமி, உள்ளுக்கும் கொஞ்சம் விடுங்கோ" என்றிருக்கிறார். சுவாமியும் எந்த யோசனையில் இருந்தாரோ, விட்டுவிட்டார். கார் பல நாள் இருமியது. ஆனால் அதற்குப் பிறகு எத்தனையோ கிடங்கும் பள்ளமும் தாண்டி இருவரையும் உயிரோடு கொண்டுவந்து சேர்த்தது.

"அப்ப புதுப் பிஸ்டனையும் மந்திரிச்சாப் போச்சு" என்றார் மெக்கானிக்.

"பழசை என்ன செய்யிறது? ஞானஸ்நானம் எடுத்த பிஸ்டனைப் பழைய இரும்புக்குப் போட்டுட்டு நான் எந்த முகத்தோடை பூசைக்குப் போறது?"

மெக்கானிக் தேத்தண்ணியைக் குடித்துவிட்டுச் சாமான் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார்.

அதன் பிறகு நடந்ததைப் பார்க்க நான் கந்தோருக்கு லீவு போட்டேன். லொறிப் பற்றறி ஒன்று பின் சீற்றில், நான் இருக்கும் இடத்தில், குடியேறியது. உழவு மெசினின் ரேடியேற்றர் முன்னால் வந்தது. அதனால் மூட முடியாமற் போன பொனற்றை மீன்வலைக் கயிற்றால் கட்டினார். குழாய்க்கிணறு தோண்டியவர்கள் விட்டுப்போன பைப், புகைக்குழாயாகியது. கடைசியாக எங்கிருந்தோ ஒரு டேர்போ கொண்டுவந்தார்.

"இது என்ன செய்யும், அண்ணை?"

"புகை போற வேகத்திலை ஒரு காத்தாடி சுத்தும். அது எஞ்சினுக்கு இன்னும் காத்தை ஊதிக் குடுக்கும். இழுப்புக்காரருக்கு ஆசுப்பத்திரியிலை மூக்கிலை வைக்கிறாங்களெல்லோ, அது மாதிரி. ஆனா மெல்லமாத்தான் ஊதோணும். கூட ஊதினா உள்வீடு வெடிச்சுப்போம்."

"கூடினால் எப்பிடித் தெரியும்?"

அவர் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, குழாயின் மேல் பூட்டியிருந்த ஒரு சின்ன உருண்டையைக் காட்டினார். காற்று மிஞ்சினால் அதைத் தூக்கிக்கொண்டு வெளியே போய்விடுமாம். எங்கேயோ பார்த்த சாமானாக இருக்கிறதே என்று நினைத்தேன். அக்கா அந்தக் கிழமை முழுக்க எதையோ தேடிக்கொண்டிருந்தது அப்போது என் மண்டையில் ஏறவில்லை.

திருவிழாவுக்கு மூவரும் புறப்பட்டோம். சாவியைத் திருப்பியதும் கார் தள்ளாமலே ஸ்ரார்ட் வந்தது. அக்கா நம்பாமல் ஒருமுறை இறங்கிப் பின்னால் போய்ப் பார்த்துவிட்டு வந்தார். நானாட்டானைத் தாண்டி அண்ணை கொஞ்சம் மிதித்தார். பொனற்றுக்குள்ளிருந்து நீளமாக ஒரு விசில். கொஞ்சத் தூரத்தில் இன்னொன்று. முருங்கனில் மூன்றாவது.

பின்னால் ஜெபமாலை சொல்லிக்கொண்டிருந்த அக்கா நிறுத்தினார். "மூண்டு விசில் வந்திட்டுது. பருப்பு அவிஞ்சிருக்கும், அடுப்பை நிப்பாட்டுங்கோ."

அக்கா அந்தக் கிழமை முழுக்கத் தேடியது குக்கரின் விசில் குண்டை என்று அப்போதுதான் எனக்கு விளங்கியது. அக்கா ஜெபமாலையை விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தார்.

மடுச் சந்தி திரும்பிக் காட்டுப் பாதையில் ஏறினால், வாகனங்கள் வரிசையாக ஊர்கின்றன. கோயில் கோபுரம் தெரிகிற தூரத்தில் எங்கள் கார் ஒருமுறை தும்மிவிட்டு நின்றது. அண்ணை சாவியைத் திருப்பினார். சத்தமில்லை. மறுபடியும் திருப்பினார். பின்னாலிருந்த வான்கள் கோன் அடித்து அவசரப்படுத்தின. அண்ணை ஸ்டியரிங்கில் நெற்றியை வைத்துக்கொண்டார். இரும்பு லொறி அவருடைய கண்ணுக்குள் வந்து நின்றிருக்க வேண்டும்.

நான் தள்ளலாம் என்று கதவைத் திறந்தேன். என் கால் நிலத்தில் படுமுன்னமே கார் அசைந்தது. ஒரு குலுக்குக் குலுக்கி எஞ்சின் பிடித்துக்கொண்டது. அக்கா சேலையைத் தட்டிவிட்டபடி திரும்பி வந்து ஏறினார்.

அண்ணை கண்ணாடியில் பார்த்து மெல்லக் கேட்டார். "திரேசு, தள்ளினால் விக்கோணும் எண்டெல்லோ சொன்னனீ?"

"ஆர் தள்ளினது? கால் விறைச்சுப்போச்சு. இறங்கிக் கொஞ்சம் சாஞ்சு நிண்டனான். பாதையைப் பாத்து ஓடுங்கோ."

பாதையைப் பார்க்க அண்ணைக்கு இரண்டு தரம் கண்ணைத் துடைக்க வேண்டியிருந்தது.

திரும்பி வந்ததும் மீன்பிடி வள்ளத்துக்கு அடித்து மிஞ்சிய நீலப் பெயின்ற்றைக் காருக்குப் பூசினார். சில்லுத் தட்டுகளைக்கூட விடவில்லை. டிக்கி மூடியில் மட்டும் அந்த இரண்டு இடங்களும் தகரமாகவே இருந்தன.

"அண்ணை, இதிலை விட்டுட்டியள்" என்றேன்.

"அது திரேசுவின்ரை கை பட்ட இடம், தம்பி. அதிலை கைவைக்கப்படாது."

எனக்கு இடமாற்றம் கிடைத்து ஊரை விட்டு வந்து வருடங்களாகிவிட்டன. இப்போதும் பக்கத்து வீட்டில் குக்கர் விசிலடித்தால், ஒருதரம் தெருவை எட்டிப் பார்க்காமல் என்னால் இருக்க முடிவதில்லை.