விலைக் கதை, பொதிக் கதை, கப்பல் கதை

என்னில் என்ன குறை என்று அக்கராயனில் யாரைக் கேட்டாலும் ஒரே பதில்தான் வரும்: "ஆள் நல்லவர், கதைதான் கூட." மறுக்க மாட்டேன். (தேத்தண்ணிக் கடையில் ஒரு பிளேன்ரீ சொல்லி, அது ஆறி, இன்னொன்று சொல்லி, அதுவும் ஆறும்வரை கதைப்பேன்.) எங்கள் பக்கம் கதை என்றால் பேச்சு, கதைப்பது என்றால் பேசுவது. இது வன்னியில் நேற்றுப் பிறந்த பிள்ளைக்கும் தெரியும். என் கைபேசிக்குள் இருக்கிற மொழிபெயர்க்கிற சாமானுக்கு மட்டும் தெரியாமல் போய்விட்டது.

நானும் மனுசி சாந்தியும் சிவப்பரிசி மா வறுத்துப் பைக்கற்றில் அடைத்து விற்கிறோம். சாந்தி வறுப்பாள், ஊர்ப் பெண்கள் மூன்று பேர் அரித்துப் பொதி செய்வார்கள், நான் கதைப்பேன். கிளிநொச்சிக் கடைகளில் பெரிய கொம்பனிகளின் பளபளப்பான பைக்கற்றுகள் வந்து குந்தியதும் எங்கள் மா பின்தட்டுக்குப் போனது. அந்த நேரம்தான் கொழும்பில் உணவுப் பொருள் கண்காட்சி, வெளிநாட்டு வியாபாரிகள் வருகிறார்கள் என்று கேள்விப்பட்டோம்.

"இதில ஒரு ஆளும் பிடிபடாட்டில் அறுவடையோட நிப்பாட்டுவம். அந்தப் பிள்ளையளுக்கும் வேற வேலை பாக்கச் சொல்லவேணும்" என்றாள் சாந்தி. சத்தம் போட்டுச் சொல்லியிருந்தால் நானும் சத்தம் போட்டிருப்பேன். மெதுவாகச் சொன்னாள்.

சாந்தியின் தம்பி குகன் டவுனில் போன் கடை வைத்திருக்கிறான். அவனிடம் ஓடினேன்.

"அத்தான், கண்காட்சி அண்டைக்குப் போய் நிண்டு சிரிச்சால் ஒருத்தரும் திரும்பிப் பாக்கமாட்டினம். இப்பவே பேஸ்புக்கில ஆக்களோட பழகவேணும். அங்க போகேக்க அவை உங்களைத் தேடி வரவேணும்."

"எனக்கு இங்கிலிஷ் வராதே குகன்?"

"அதுக்கு மொழிபெயர்க்கிற அப் இருக்கு. நீங்கள் வாயால கதைக்கிற மாதிரியே தமிழில எழுதுங்கோ. மிச்சத்தை அது பாக்கும்."

அது பார்த்தது.

கண்காட்சிப் பக்கத்தில் ஒல்லாந்திலிருந்து வரப்போகிற அன்னா என்கிற அம்மாவைக் கண்டுபிடித்தேன். ஆசிய உணவுக் கடை வைத்திருக்கிறவா. அவாவின் பூனைக்கு லைக் போட்டேன், சைக்கிளுக்குப் போட்டேன், மழை பெய்த யன்னலுக்கும் போட்டேன். பிறகு இன்பொக்ஸில் எழுதினேன்: "வணக்கம் அம்மா. நான் வன்னியில இருந்து. உங்களோட கதைக்க விருப்பம்."

பதில் வந்தது. அப் அதைத் தமிழாக்கித் தந்தது: "அற்புதம்! உங்கள் கதைகளைக் கேட்க ஆவலாக உள்ளேன்."

போனைத் தூக்கிக்கொண்டு குசினிக்கு ஓடினேன். "இஞ்ச பாரும். இந்த வீட்டில என்ர கதையைக் கேக்க ஆளில்லை. ஒல்லாந்தில ஆவலா இருக்கினம்."

"அவைக்கு இன்னும் உங்களைத் தெரியாது" என்றாள் சாந்தி.

அதன்பிறகு ஒவ்வொரு பின்னேரமும் அன்னாவோடு கதைதான். "என்னென்ன கதைகள் வைத்திருக்கிறீர்கள்?" என்று கேட்டா. வியாபாரி என்றால் இப்படி விபரமாகக் கேட்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டு எழுதினேன்: "முதல் விலைக் கதை. அது முடிஞ்சால் பொதிக் கதை. கடைசியாக் கப்பல் கதை."

"குழந்தைகளுக்கு ஏற்றதா?"

"ஓம், நல்லா ஏற்றது. ஆறு மாதத்திலயிருந்து குடுக்கலாம்."

"எவ்வளவு நேரம் எடுக்கும்?"

"பத்து நிமிசம் காணும். தண்ணி கொதிச்சிருக்கவேணும்."

இதற்குக் கொஞ்ச நேரம் பதில் வரவில்லை. (ஆறு மாதம் என்றது கூடிப்போச்சோ, ஒல்லாந்துப் பிள்ளைகள் முந்தியே சாப்பிடுவினமோ?) பிறகு ஒரு வியப்பு முகம் வந்தது. அப்பாடா என்று, வழக்கம்போல முடித்தேன்: "சரி அம்மா, அப்ப வாறன்."

ஒவ்வொரு நாளும் அப்படித்தான் முடிப்பேன். "வாறன்" என்றதும் அவாவும் ஒவ்வொரு நாளும் "வரவேற்கிறோம்" என்று போடுவா. என்ன மரியாதையான சனம் என்று நினைத்தேன்.

கண்காட்சிக்குக் கோட் இரவல் வாங்கினேன். கை நீளம், தோள் இறுக்கம். விடிய வெளிக்கிட்ட ரயிலில் சாந்தி மாப் பெட்டிகளை எண்ணிக்கொண்டு வர, நான் "குட் மோர்னிங்" சொல்லிப் பார்த்துக்கொண்டு வந்தேன். கண்காட்சியின் முதல் நாள் முழுக்க எங்கள் ஸ்டோலுக்கு வந்தவர் ஒரே ஒருவர். கழிவறை எந்தப் பக்கம் என்று கேட்டார். எனக்குத் தெரிந்திருந்தது. பயத்தில் அன்றைக்குப் பாதி நேரம் நான் அங்கேதான் நின்றேன்.

இரண்டாம் நாள் மத்தியானம் ஒலிபெருக்கியில் தமிழில் ஒரு அறிவித்தல்: "வன்னியிலிருந்து வந்திருக்கும் கதைசொல்லி இன்னும் சிறிது நேரத்தில் தன் கதைகளைச் சொல்லவிருக்கிறார்."

"ஆர் பாவம் அந்த மனிசன், இவ்வளவு சனத்துக்கு முன்னால" என்று பரிதாபப்பட்டேன்.

ஒலிபெருக்கி அடுத்துப் பேரையும் சொன்னது. சாந்தி என் இரவல் கோட்டைப் பிடித்து இழுத்தாள். "இஞ்சாருங்கோ. உங்கட பேரைத்தான் சொல்லுறாங்கள்."

எங்கள் ஸ்டோலுக்கு முன்னால் கதிரைகள் அடுக்கிக்கொண்டிருந்தார்கள். பக்கத்தில் ஒரு பலகை. அதில் கோயில் திருவிழாவில் சால்வையோடு நான் எடுத்த பேஸ்புக் படம். கீழே எழுதியிருந்தது: "மூன்று கதைகள்: விலை, பொதி, கப்பல். ஆறு மாதக் குழந்தை முதல் அனைவருக்கும்."

அன்னா வந்து என் இரண்டு கையையும் பிடித்துக் குலுக்கினா. பின்னால் வேறு கடைக்காரர்கள், கொள்வனவாளர்கள். கண்காட்சிக்காரரிடமும் சொல்லி ஒழுங்குசெய்து, எல்லாரையும் தன் பக்கத்தில் பதிவு போட்டுக் கூப்பிட்டு வந்திருக்கிறா. மொழிபெயர்க்க நின்ற தங்கச்சி என் காதுக்குள் சொன்னா: "ஐயா, கப்பல் கதையைத்தான் அவா ஆகலும் கூட எதிர்பாக்கிறாவாம். அதோட சுடுதண்ணி ஏன் எண்டு கேக்கிறா."

அப்போதுதான் எனக்கு எல்லாம் விளங்கியது. விளங்கியதும் எங்கள் ஸ்டோலின் துணிப் பனருக்குப் பின்னால் ஒளிந்தேன். பனர் மெல்லியது. என் நிழல் முன்பக்கம் தெரிந்திருக்கிறது.

"வாங்கோ வெளிய" என்றாள் சாந்தி. "இவ்வளவு காலமும் கதைச்சனீங்கள். இண்டைக்குத்தான் கதை தேவை."

போய் நின்றேன். ஊரில் வாய் மூடாத நான் இப்படித்தான் தொடங்கினேன்.

"ஒரு ஊரில ஒரு கப்பல் இருந்தது."

தங்கச்சி மொழிபெயர்த்தா.

"அது போச்சுது."

மொழிபெயர்த்தா. எல்லாரும் காத்திருந்தார்கள்.

"பேந்து வந்துது."

இந்தமுறை தங்கச்சி மொழிபெயர்க்கவில்லை, என்னைப் பார்த்தா. கடைசி வரிசையில் ஒருவர் எழும்பினார். அன்னாவின் சிரிப்பு மெல்ல மெல்லச் சுருங்குவதைக் கண்டேன். அந்தச் சிரிப்போடு சேர்ந்து எங்கள் மா, அந்த மூன்று பிள்ளைகளின் வேலை, எல்லாம் கதவால் வெளியே போவதுபோல் இருந்தது.

பின்னால் பிட்டு அவிக்கிற நீத்துப்பெட்டியில் ஆவி வந்துகொண்டிருந்தது. சாந்தி மா குழைத்த கையைத் துடைத்துக்கொண்டு முன்னுக்கு வந்தாள்.

"தங்கச்சி, நான் சொல்லுறன், நீங்கள் மாத்துங்கோ. அந்தக் கப்பல் ஏன் சும்மா போய்ச் சும்மா வந்தது தெரியுமோ? ஏத்த மா இல்லை. ஏன் மா இல்லை? நான் கிணத்தடிக்குப் போகேக்க இந்த மனிசனிட்ட அகப்பையைக் குடுத்து, 'கிண்டுங்கோ, கையெடுக்காதேங்கோ' எண்டனான். இவர் ஒரு கையில அகப்பை, மற்றக் கையில போன். ஒல்லாந்துப் பூனைக்கு லைக் போட்டுக்கொண்டு நிண்டவர். நான் வரேக்க வீடு முழுக்கப் புகை. தாச்சியில கரி. 'என்னப்பா இது?' எண்டன். 'புது ரகம்' எண்டார்."

எழும்பினவர் இருந்துவிட்டார்.

சாந்தி நிறுத்தவில்லை. அந்தக் கரியை அயல் வீட்டுக்குக் கோப்பித்தூள் என்று நான் கொடுத்துவிட்டது, அவர்கள் குடித்துவிட்டு நன்றாக இருக்கிறது என்றது, எல்லாவற்றையும் அவிழ்த்தாள். (அது வீட்டுக்குள் இருக்கவேண்டிய விசயம். இப்போது அது பல நாடுகளுக்குத் தெரியும்.) எந்த மணம் வந்தால் மா வறுபட்டது, எந்த மணம் வந்தால் புருசன் போன் பார்க்கிறான் என்று அவள் பிரித்துச் சொல்ல, அன்னா கண்ணைத் துடைத்துத் துடைத்துச் சிரித்தா. கதை முடிய பிட்டும் அவிந்தது. சுடச்சுடத் தேங்காய்ப்பூவும் சீனியும் போட்டுக் கொடுத்தாள். சுடுதண்ணி எதற்கென்று அப்போது எல்லாருக்கும் விளங்கியது.

அன்னா அங்கேயே ஓடர் தந்தா. ஒரு நிபந்தனை: ஒவ்வொரு பொதியோடும் ஒரு கதை வரவேண்டும், சாந்தி சொன்ன மாதிரி. போகும்போது தங்கச்சியிடம் இன்னொன்றும் கேட்டா. தங்கச்சி சிரிப்பை அடக்கிக்கொண்டு சொன்னா: "ஐயா, மேல்மாடி அறையைத் துப்பரவாக்கி வச்சிருக்கிறாவாம். ஒவ்வொரு நாளும் வாறன், வாறன் எண்டு எழுதினீங்களாம். எப்ப வாறீங்கள் எண்டு கேக்கிறா."

மூன்று பிள்ளைகளும் இன்னும் எங்களோடுதான். பைக்கற்றின் பின்பக்கத்தில் இப்போது சாந்தியின் கதைகள். எல்லாக் கதையிலும் ஒரு மொக்கு மனிசன் வருவான். அவனுக்குப் பேர் இல்லை, ஆனால் இரவல் கோட் போட்டிருப்பான். கண்காட்சிகளுக்கு அவள் கதைசொல்லப் போகிறாள், நான் பெட்டி தூக்கப் போகிறேன்.

வீட்டை விட்டு வெளிக்கிடுகிறவர் "போறன்" என்று சொல்வது எங்கள் பக்கம் ஆகாது, "வாறன்" என்றுதான் சொல்லவேண்டும். ஆனாலும் அன்னாவுக்கு எழுதும்போது மட்டும் "போறன்" என்று முடிக்கச் சாந்தி எனக்கு விசேட அனுமதி தந்தாள். முதல் நாளே பயந்து பயந்து எழுதினேன்: "சரி அம்மா, அப்ப போறன்."

உடனே பதில்: "எங்கே போகிறீர்கள்? உடல்நலம் மோசமா? கதைகள் தொடருமா?"

அதற்குப் பிறகு நான் கதிரையைவிட்டு எழும்பினாலே குகன் கேட்பான்: "அத்தான், வாறீங்களோ, போறீங்களோ? வடிவா யோசிச்சுச் சொல்லுங்கோ, ஒல்லாந்தில அறை கூட்டவேணும்."

அக்கராயனிலேயே கதை கூடின மனிசன் நான். இப்போது வெளிக்கிடும்போது வாசல் படலையடியில் வாயே திறப்பதில்லை. கையை மட்டும் காட்டிவிட்டு நடக்கிறேன்.